இரண்டாம் தர ஆண் குரல்

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னைப் பட்டணமே மூட்டை கட்டிய அந்தச் சித்திரை மாதத்தில், கிராமாந்தர ஒலிபரப்பு இலாகாவும் மூட்டை கட்டியது. மற்ற இலாகாக்கள் நூறு மைல், இருநூறு மைல் என்று ஓட, இது மட்டும் பூந்தமல்லியோடு நின்றுவிட்டது. விதிப்படி அதற்கு மேல் ஓடுவதானால் சீமையிலிருந்து கையெழுத்து வர வேண்டும், கப்பல் தாமதம். ஆகவே பூந்தமல்லியில் மூடிக்கிடந்த ஓர் அரிசி மில்லைப் பிடித்து, சுவர் நெடுக வைக்கோல் மெத்தை அறைந்து, நடுவில் மைக்கை நட்டார்கள். தவிடு மட்டும் போகவில்லை. யார் பேசினாலும் இடையிடையே தும்மல் வரும். அதைக் கேட்ட கிராமத்து ஜனங்கள், பட்டணத்துப் பெரிய மனிதர்களுக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இலாகாவின் டைரக்டர் ராஜசேகரன் ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அம்பத்தூர் வழியாகக் காரில் போய்க்கொண்டிருந்தார். ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"வௌக்க அணைங்க! யக்கா சாமுண்டீஸ்வரி, உன் அடுப்பு இங்க வரைக்கும் தெரிது, கதவ சாத்து! எவன்யா அது பீடி புடிக்கிறது? ஜப்பான்காரனுக்கு வயி காட்டுறியா?"

டிரைவர் கார் விளக்கை அணைத்தான். டைரக்டர் தம் வாயிலிருந்த சுருட்டை அணைத்தார். சர்க்கார் உத்தியோகத்தில் இருபது வருஷம் ஆன அவர், யாரோ ஒருவர் சொல்லி உடனே ஒரு காரியத்தைச் செய்தது அதுதான் முதல் தடவை.

குரலுக்குச் சொந்தக்காரி மண்ணூர்பேட்டை தாட்சாயிணி. வயசு முப்பத்திரண்டு. கணவன் உலகநாதன் பெரம்பூர் ரயில் பட்டறையில் ஃபிட்டர். மண்ணூர்பேட்டைக்கு அபாயச் சங்கு ஒன்று மஞ்சூராகி, அது வந்து சேராததால், சங்கு வரும்வரை தாட்சாயிணியையே சங்காக வைத்துக்கொள்ளலாம் என்று தாலுகாவில் உத்தரவாகியிருந்தது. கூடவே ஒரு தகரப் புனலும் கொடுத்தார்கள். அவளுக்குப் புனல் வேண்டியிருக்கவில்லை. எண்ணெய் ஊற்ற வைத்துக்கொண்டாள்.

அந்தக் குரல் நேற்று முளைத்ததல்ல. அவள் அப்பா அம்பத்தூரில் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் தாட்சாயிணி செய்யுள் ஒப்பித்தால் பக்கத்து வகுப்பிலும் பாடம் நின்றுவிடும். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, பட்டணத்தில் பெண்கள் கல்லூரியில் மூன்று மாதம் உட்கார்ந்தாள். நான்காம் மாதம் கல்யாணம். அதன் பிறகு பதினைந்து வருஷமாக அந்தக் குரல் கோழி விரட்டவும் அபாயம் அறிவிக்கவும் பயன்பட்டு வந்தது.

"அம்மணி, உமது நாதம் இந்நாட்டுக்குத் தேவை. நாளையே இலாகாவுக்கு வாரும்" என்று, அன்றைக்கே அவளைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டு டைரக்டர் போனார். மறுநாள் தாட்சாயிணி இருக்கிற ஒரே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனாள். டைரக்டரின் மேசையில் விதிப்புத்தகம் திறந்திருந்தது.

"அறிவிப்பாளர் என்பவர் இண்டர்மீடியட் தேறியிருக்க வேண்டும். நீர்?"

"மூணு மாசம் படிச்சேன் சார்."

"மூன்று மாதப் படிப்புக்கு 'நேயர்களே' என்று கூப்பிடலாம். மேற்கொண்டு அவர்களிடம் எதுவும் சொல்லத் தகுதி இராது."

"நேத்து நீங்களே கேட்டீங்களே சார் என் குரல."

"கேட்டேன். அதுதான் சங்கடம். நேற்று நான் மனிதனாகக் கேட்டேன். டைரக்டராக இன்னும் கேட்கவில்லை. உமக்குக் குரல் இருக்கிறது, குரலுக்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் உள்ளவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்குக் குரல் இல்லை. அவர்களை வைத்துத்தான் நான்கு வருஷமாக இந்த இலாகாவை நடத்துகிறோம். ஒரு புகார் வந்ததில்லை."

வீட்டுக்கு வந்த தாட்சாயிணியின் முகத்தைப் பார்த்துவிட்டு உலகநாதன் கேட்டான்: "இன்னா சொன்னான் அந்தாளு?"

"காலேஜுல படிச்சிட்டு வரணுமாம்."

"போய் படியேன்."

"எனக்கு முப்பத்திரண்டு வயசு மாமா."

"நாப்பது வருசத்து இஞ்சின் எல்லாம் பட்டறைக்கு வந்துகினுதான் கீது. கயட்டி, தொடச்சி, மாட்டி அனுப்பறோம். புதுசவிட ஜோரா ஓடுது."

"ஊட்டு வேல?"

"நான் சோறாக்கறேன். நல்லா இல்லன்னா மட்டும் சொல்லாத."

கல்லூரியில் முதல் நாள், பெண்களைக் கொண்டுவிட வந்த பெற்றோர் பெஞ்சில் அவளை உட்காரவைத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் குமாஸ்தா வந்தார்.

"பெண் எங்கே?"

"நான்தாங்க பொண்ணு."

"பெண்ணோட அம்மா எங்கே?"

"தவறிட்டாங்க."

குமாஸ்தா யோசித்து, 'தாயில்லாப் பெண்' என்று எழுதிக்கொண்டார். பிறகு ஒரு அச்சடித்த தாளை நீட்டினார். படிப்பு முடியும்வரை பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைப்பதில்லை என்று கார்டியன் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் சேர்க்கை இல்லை. தனக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷமாகிறது என்று அவள் சொன்னதற்கு, தாளில் அதற்கு இடம் விடவில்லை என்றார். சட்டப்படி கார்டியன் உலகநாதன். 'படிப்பு முடியும்வரை என் மனைவிக்கு நான் கல்யாணம் செய்துவைக்க மாட்டேன்' என்று அவன் மூன்று பிரதிகளில் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

இரண்டு வருஷம் அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலேறிப் போய்வந்தாள். பதினேழு வயசுப் பெண்கள் முதல் மாதம் 'மாமி' என்றார்கள், அடுத்த மாதம் 'அக்கா', பரீட்சை நெருங்கியதும் நோட்டுப்புத்தகம் கேட்டு 'தாட்சா' என்றார்கள். தர்க்க சாஸ்திரத்தில் அவளுக்கு முதல் மார்க்கு. கிராமாந்தர ஒலிபரப்பு இலாகாவில் வேலை பார்க்கப் போகிறவர்கள் தர்க்க சாஸ்திரம் படிக்கக் கூடாது என்று அப்போது அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இண்டர்மீடியட் சான்றிதழோடு அவள் பூந்தமல்லிக்குப் போனபோது, குரல் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். மூன்று பேர் கமிட்டி. தலைவருக்குக் காது கேட்காது. அதனால் பாரபட்சமற்றவர் என்று பேர். தாட்சாயிணியை மைக் இருக்கும் அறைக்குக் கூட்டிப்போவார்கள் என்று பார்த்தால், ஒரு மேசையில் உட்காரவைத்து மைக்கூட்டைக் கொடுத்தார்கள். வினாத்தாள் வந்தது.

'ஒன்று: உமது குரலை அரைப் பக்கத்துக்கு மிகாமல் வருணிக்கவும். இரண்டு: துக்கச் செய்தி வாசிக்கும் குரலைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கவும். மூன்று: மௌனம் பற்றிச் சிறு குறிப்பு எழுதுக.'

தாட்சாயிணி எழுந்து நின்றாள். "சார், குரல்தானே? பேசிக் காட்டிடட்டுமா?"

"பேசாதீர்!" என்று டைரக்டர் அதட்டினார். "குரல் பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது. பேச்சு காற்றோடு போய்விடும், அம்மணி. தணிக்கைக்கு வருகிறவர்களிடம் காற்றையா காட்டுவது?"

உட்கார்ந்து எழுதினாள். மூன்றாம் கேள்விக்கு ஒன்றும் எழுதாமல் இடம் விட்டாள். அதற்கு முழு மார்க்கு வந்தது. விடைத்தாளின் ஓரத்தில் கமிட்டித் தலைவர், 'கையெழுத்து கணீரென்று இருக்கிறது' என்று குறித்திருந்தார். தாட்சாயிணி தேறினாள்.

இலாகாவின் உயிர்நாடி, தினம் சாயங்காலம் ஆறரை மணிக்கு வரும் 'கிராம மேடை'. ஊருக்கு ஒரு இரும்புப் பெட்டியில் ரேடியோவைப் பூட்டி வைத்திருப்பார்கள். தலையாரி வந்து திறப்பான். ஜனங்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அதில் பேசுகிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி, வெகுளியான கிராமத்துப் பெண் பொன்னக்கா. மற்றவர், அவளுக்குப் புத்தி சொல்கிற கிராம முன்சீப் முனிரத்தினம். பொன்னக்காவின் குரல் தனக்குத்தான் என்று தாட்சாயிணி நினைத்திருந்தாள். நியமன உத்தரவைப் படித்ததும் மறுபடி படித்தாள். 'தற்காலிக ஆண் குரல், இரண்டாம் தரம் (முன்சீப்)' என்று போட்டிருந்தது.

"சார், பொன்னக்கா யாரு?"

டைரக்டர் மூலையைக் காட்டினார். அங்கே திருவல்லிக்கேணி ஜெயராமன், பி.ஏ., மீசையைத் துடைத்தபடி மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலாகா தொடங்கியபோது தகுதியுள்ள பெண் யாரும் அகப்படாததால் தற்காலிகமாகப் பெண்ணானவர். பிறகு நிரந்தரமாகிவிட்டார். முன்சீப்பாக இருந்தவர் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதால் அந்த இடம்தான் காலி.

"நான் பொம்பள, அவரு ஆம்பள. மாத்திக்கினா ரெண்டு பேருக்கும் சுளுவா இருக்குமே சார்."

"அம்மணி, இங்கே பால் என்பது பதவிக்கு உண்டு, ஆளுக்குக் கிடையாது" என்றார் டைரக்டர். "ஜெயராமன் ஆறு வருஷமாக அப்பழுக்கில்லாத பெண்ணாக இருந்துவருகிறார். நீர் இன்றைக்குச் சேர்ந்தவர். முதலில் சிறிது காலம் ஆணாக இருந்து அனுபவம் பெறும். காலி ஏற்பட்டால், சீனியாரிட்டிப்படி பெண்ணாக உயர்த்தப்படுவீர்."

ஜெயராமன் நல்ல மனிதர். அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார். "முன்சீப்புன்னா 'அடேய்'னு ஆரம்பிச்சு இருமல்ல முடிக்கணும். நான் 'ஏனுங்க எசமானே, நாங்க மண்ணுல பொறந்து மண்ணத் திங்கிறவுக'ன்னு எடுத்துக் குடுப்பேன். நீங்க பிடிச்சிக்கோங்கோ."

"எங்க ஊர்ல யாரும் இப்டி பேசமாட்டாங்களே சார். 'இன்னா முன்சீப்பே, மதகு எப்ப தொறப்ப? வாய்ல இன்னா கொழுக்கட்டையா கீது?'ன்னுதான் கேப்பாங்க."

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டைரக்டர் உள்ளே வந்துவிட்டார். "அது கிராமியப் பேச்சே அல்ல."

"நான் அந்த கிராமத்துலதான் சார் குடியிருக்கேன்."

"இருக்கலாம். குடியிருப்பது ஒரு தகுதியாகாது."

"அப்ப உங்க கிராமம் எங்க சார் கீது?"

"விதிப்புத்தகம், மூன்றாம் அத்தியாயம்" என்றார் டைரக்டர்.

தாட்சாயிணி முன்சீப் ஆனாள். அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்து, இரண்டு இருமல் இருமி, "அடேய்!" என்றாள். ஒரு மாதத்தில் முன்சீப் முனிரத்தினத்தின் பேர் ஆவடியிலிருந்து குமணன்சாவடிவரை பரவிவிட்டது. எழுதிக்கொடுத்ததையே படித்தாலும், படிக்கிற குரலில் ஒரு மனிதர் இருந்தார். இலாகாவுக்கு இது புதிது. நிஜ முன்சீப்புகளை விட்டுவிட்டு ஜனங்கள் இவருக்கு மனு எழுதினார்கள். குமணன்சாவடி ஃபக்ருன்னிசா, பக்கத்து வீட்டுக்காரன் தன் சுவரில் ஆணி அடிக்கிறான் என்று முறையிட்டாள். திருவேற்காட்டிலிருந்து ஒருவர் தம் தங்கையை முன்சீப்புக்கு இரண்டாம் தாரமாகத் தர முன்வந்தார். பொன்னக்காவுக்கு அவ்வப்போது மல்லிகைப்பூ வரும். ஜெயராமன் மனைவிக்குக் கொண்டுபோவார்.

மண்ணூர்பேட்டையில் ரேடியோப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, "ஆம்பளன்னா இவன்டா ஆம்பள" என்று பேசிக்கொண்டார்கள். உலகநாதன் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்கமாட்டான். மனைவிக்கு என்ன வேலை என்று கேட்டால், "ரேடியோவுல" என்று மட்டும் சொல்வான். எடுபிடி வேலை போலிருக்கிறது என்று அவர்கள் மேற்கொண்டு கேட்பதில்லை. தாட்சாயிணிக்கு இது உள்ளூர அறுத்தது. இத்தனை தூரம் படித்து, இத்தனை பேர் காதுக்குள் போயும், அங்கே போய்ச்சேர்ந்தது அவள் இல்லை.

இந்தச் சமயத்தில் யுத்த உத்தரவு ஒன்று வந்தது. வானிலை ராணுவ ரகசியம். மழை, தூறல், மேகம், இடி, வெள்ளம், ஈரம் ஆகிய சொற்களை ஒலிபரப்பக் கூடாது. உழவர்களுக்கான நிகழ்ச்சியில் இவற்றை விட்டால் வேறென்ன பேசுவது என்று ஜெயராமன் பணிவாகக் கேட்டார்.

"மழை பெய்கிறது என்று நாம் சொல்லிவிட்டால், ஜப்பான்காரன் ரப்பர் கோட்டு மாட்டிக்கொண்டு வந்துவிடுவான். சொல்லாமல் விட்டால் நனைந்து திரும்புவான்" என்றார் டைரக்டர். அன்றிலிருந்து நாற்பத்தேழு நாள் கிராம மேடையில் எருக்குழியைப் பற்றியே பேசினார்கள்.

ஐப்பசியில் ஆறு நாள் விடாமல் கொட்டியது. ஏழாம் நாள் சாயங்காலம் மில்லுக்குள் கணுக்கால் தண்ணீர். பியூன் வேம்புலி சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அம்பத்தூரிலிருந்து வந்தான்.

"தாட்சாயிணிம்மா, ஏரி ரொம்பிட்ச்சு. கரை ரெண்டு எடத்துல வாய் வுட்டுக்கீது. உங்க ஊரு முன்சீப்பு கரைய ஒடைக்கலாமா கூடாதான்னு உத்தரவு கேக்க செங்கல்பட்டுக்குப் பூட்டாரு. ஜனம் பூரா கூரைக்கடியில ரேடியோ பொட்டியாண்ட குந்திகினு கீது."

"இன்னாத்துக்கு?"

"முனிரத்தினம் இன்னா சொல்றாருன்னு கேக்கத்தான்."

தாட்சாயிணி அன்றைய தாளைப் பார்த்தாள். ஆறு மாதம் முன்னால் அனுமதியானது. தலைப்பு: 'கோடையில் நீர்ச் சிக்கனம்.' அதைத் தூக்கிக்கொண்டு டைரக்டரிடம் ஓடினாள்.

"சார், ஏரி ஒடையப் போவுது. ரெண்டே வார்த்த சொல்லிடறேன்."

"எந்த இரண்டு வார்த்தை?"

"தண்ணி வருது."

டைரக்டர் பட்டியலைப் பார்த்தார். "தண்ணீர் என்று கோடையைப் பற்றிச் சொல்லலாம். வருகிறது என்பதற்கு மேலிடத்தில் கேட்க வேண்டும். திங்கட்கிழமை பதில் வரும். அம்மணி, மணி ஆறு இருபத்தொன்பது."

வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, தண்ணீரில் நின்றபடி ஜெயராமன் ஆரம்பித்தார்: "ஏனுங்க முன்சீப் எசமானே! குளத்துல சொட்டுத் தண்ணி இல்லீங்களே, நாங்க என்ன பண்ணுவோமுங்க?"

"அடேய்" என்றார் முன்சீப். "ஒரு செம்புத் தண்ணீரில் மூன்று பேர் குளிக்கலாம். முதலாமவன்..."

அங்கே நின்றுவிட்டது. தாட்சாயிணிக்கு எழுத்து தெரியவில்லை. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சாமுண்டீஸ்வரி தெரிந்தாள், அவள் மடியில் கிடக்கிற பிள்ளை தெரிந்தது, கூட்டத்தின் ஓரத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் உலகநாதன் தெரிந்தான். தாளைக் கீழே போட்டாள். அது மிதந்து போயிற்று.

"அடேய், கேளுங்கடா! ஏரி நிக்காது. தண்ணி வருது. மாட்ட அவுத்து வுடு. புள்ளைங்கள தூக்கிகினு ரயில் ரோட்டு மேட்டுக்கு ஏறு. அரிசியப் பாத்துகினு நிக்காத, பொட்டியத் தேடாத. யக்கா, எந்திரிங்க! ஓடுங்க!"

முன்சீப்பின் குரலில் தொடங்கியது, முடியும்போது ஏரியைத் தாண்டிக் கேட்கும் அந்தப் பழைய குரலாகியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் இரண்டு கையையும் ஆட்டினார். ஜெயராமன் அவரைப் பார்த்தார், தாட்சாயிணியைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகத் தாளில் இல்லாத ஒன்றைப் பொன்னக்கா சொன்னாள்: "ஆமாங்க! எசமான் சொல்றதக் கேளுங்க, ஓடுங்க!"

ஒரு மணி நேரத்தில் கரை உடைந்தது. நாற்பது கூரை போயிற்று, இரண்டு ஆடு போயிற்று. மனித உயிர் ஒன்றும் போகவில்லை.

அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். குற்றச்சாட்டு: 'முன்சீப் முனிரத்தினம், யுத்த காலத்தில், அனுமதியின்றி, உண்மை பேசியது.'

"நான்தான் சார் பேசுனேன்" என்றாள் தாட்சாயிணி.

"குறுக்கிடாதீர். நீர் பெண். பேசியது முன்சீப் என்று நாலாயிரம் பேர் சாட்சி."

"அந்த முன்சீப்பே நான்தான் சார். தப்பு என்னுது. ஜெயராமன் சாரை ஒண்ணும் செஞ்சிடாதீங்க."

விசாரணை அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, நீர் சொல்வதை நான் எழுதினால், ஒரு பெண்ணை இலாகா முன்சீப்பாக வைத்திருந்தது கோப்பில் ஏறும். ஒரு ஆணைப் பெண்ணாக வைத்திருந்ததும் ஏறும். பிறகு இவர்களை நியமித்தது யார் என்று கேள்வி வரும். அவரை நியமித்தது யார் என்று வரும். அப்படியே போனால் வைஸ்ராய்வரை போய் நிற்கும். உண்மை எங்கே போய் நிற்கும் என்று தெரியாதபோது, அதைத் தொடங்கவே கூடாது. முப்பது வருஷமாக நான் ஒன்றையும் தொடங்கியதில்லை."

முனிரத்தினம் குற்றவாளி என்று தீர்ப்பானது. வேலைநீக்கம் செய்யலாம் என்றால், நீக்கப்பட்டவர் அப்பீல் செய்ய முப்பது நாள் அவகாசம் தந்து அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். முனிரத்தினத்துக்குக் கை இல்லை. டைரக்டர் வெகுநேரம் விதிப்புத்தகத்தைப் புரட்டி வழி கண்டுபிடித்தார். மரணத்துக்கு அப்பீல் கிடையாது.

அன்று சாயங்காலம் டைரக்டரே மைக்கின் முன் உட்கார்ந்து, "கிராம முன்சீப் முனிரத்தினம் அவர்கள் சற்றுமுன் மாரடைப்பால் காலமானார். நாளை முதல் எருக்குழி வழக்கம்போல் தொடரும்" என்று அறிவித்தார்.

மறுநாள் காலை பூந்தமல்லி ரோட்டில் நடக்க இடமில்லை. அவர் சொல் கேட்டுப் பிழைத்த ஜனங்கள் மண்ணூர்பேட்டையிலிருந்து பாடை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். குமணன்சாவடி அத்தர் வியாபாரி பஷீர் அகமது கடையை அடைத்துவிட்டுப் பன்னீர்ச் செம்போடு வந்தார். பறை முழங்கியது. பொணத்தைக் கொடு என்று கேட்டார்கள்.

டைரக்டர் மில் வாசலில் நாற்காலி மேல் ஏறினார். "மகாஜனங்களே! அன்னார் காற்றில் வந்தார், காற்றில் போனார். உடல் என்பது இலாகாவின் பொருள் பட்டியலில் இல்லை."

"ஒடம்பு இல்லன்னா போவுது நைனா" என்று கூட்டத்திலிருந்து ஒரு கிழவர் கத்தினார். "எங்க உசுரக் காப்பாத்துன மவராசன். அழுவறதுக்குக் கூடவா நாதியில்ல? பொன்னக்கா எங்க? அது அழுவட்டும், கேட்டுட்டுப் போறோம்!"

கூட்டம் கதவைத் தள்ளியது. ஜெயராமனை மைக் முன் உட்காரவைத்து, வாசலில் ஒரு ஒலிபெருக்கியை வைத்தார்கள். "ஐயகோ எசமானே" என்று ஆரம்பித்தவருக்குத் தும்மல் வந்தது. மறுபடி "ஐயகோ" என்றார். மறுபடி தும்மல். வாசலில் ஜனங்கள் கல் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

"சார், தாட்சாயிணிம்மா அழுவட்டும்" என்றான் வேம்புலி.

"எழுதி அனுமதி வாங்காத அழுகையா?" டைரக்டர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "ஒப்பாரி... ஒப்பாரி... இதோ. 'நாட்டு இசை.' இசையில் வரும் வார்த்தைகளை யாரும் கவனிப்பதில்லையாதலால் முன் அனுமதி தேவையில்லை. அம்மணி, உட்காரும்!"

தாட்சாயிணி உட்கார்ந்தாள். முதல் தடவையாக அந்த மைக்கின் முன் இருமவில்லை. தலைமுடியைத் தட்டி அவிழ்த்தாள்.

"ஏரித்தண்ணி வருதுன்னு
எடுத்துச் சொன்ன ராசாவே - உன்னை
ஏட்டுலதான் சாவடிச்சி
எருக்குழிய மூடினாங்க!
வாயத் தொறந்த குத்தத்துக்கு
வாக்கரிசி போட்டாங்களே - நான்
உள்ளுக்குள்ள ஒக்காந்து
உனக்குன்னு அழலானேன்!"

இரண்டு அடி பாடி நிறுத்திவிடலாம் என்றுதான் ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. பதினேழு வருஷத்தை அழுதாள். தாயில்லாப் பெண் என்று எழுதினதை அழுதாள், எழுத்தில் நடந்த குரல் பரீட்சையை அழுதாள், திங்கட்கிழமை வரவிருந்த பதிலை அழுதாள். வாசலில் ஆயிரக்கணக்கான பேர் கல்லைக் கீழே போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டார்கள். ஜெயராமன் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். உள்ளே இருந்து அழுவது யார் என்று கேட்டவர்களிடம், கூட்டத்தின் நடுவில் நின்ற உலகநாதன் வாயைத் திறந்தான்.

"என் பொண்டாட்டி. செத்துப்போனதும் அவதான்."

கூட்டம் அவனைத் துக்கத்தில் பிதற்றுகிறான் என்று பிடித்து உட்காரவைத்து மோர் கொடுத்தது.

அதன் பிறகு வந்த கடிதங்கள் எல்லாம் ஒப்பாரி கேட்டே வந்தன. எருக்குழிக்கு இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை. இலாகா புதிய பதவி ஒன்றை உண்டாக்கியது: 'இசைக் கலைஞர் (சோகம்), முதல் தரம், பெண்.' தினம் ஆறே முக்காலுக்கு, தாட்சாயிணி என்று பேர் சொல்லி ஒலிபரப்பு. உத்தரவில் தன் பேருக்குப் பக்கத்தில் 'பெண்' என்று போட்டிருந்ததை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். காலியான முன்சீப் பதவிக்கு ஜெயராமன் விண்ணப்பித்தார். அது பதவி இறக்கம் ஆகுமென்று சொல்லி நிராகரித்துவிட்டார்கள்.

ஒப்பாரிக்கு அனுமதி வேண்டாம் என்பதைத் தாட்சாயிணி மறக்கவில்லை. நெல்லூர்ப் பக்கமிருந்து நனைந்து வருகிற ரயில் வண்டிகளின் டிரைவர்களிடம் உலகநாதன் விசாரித்து வருவான். அவள் முனிரத்தினத்தை நினைத்துப் பாடும்போது, 'வடக்கே கருத்துதே, வச்சிருந்த நெல்லு மேட்டுல ஏறட்டுமே' என்று ஒரு அடி வந்துவிழும். லேசாக அழுதால் தூறல், மூக்கைச் சிந்தினால் கனத்த மழை, மாரில் அடித்துக்கொண்டால் மாட்டை அவிழ்த்துவிட வேண்டும் என்று ஆவடிவரை ஜனங்கள் தெரிந்துகொண்டார்கள். ஜப்பான்காரனுக்கு மட்டும் பிடிபடவில்லை. இலாகாவில் யாருக்கும் பிடிபடவில்லை என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

மார்கழியில் ஒருநாள் சாயங்காலம், ஒலிபரப்புக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது டைரக்டர் ராஜசேகரன் ஸ்டூடியோ கதவை மெதுவாகத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மணி, ஒரு சொந்த விஷயம். வீட்டில் இன்றைக்கு வடகம் போட்டு மொட்டை மாடி முழுக்கக் காயவைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் காய வேண்டுமாம்." தொண்டையைச் செருமினார். "இன்றைக்கு நீர் எவ்வளவு தூரம் அழுவதாக உத்தேசம்?"

தாட்சாயிணி அவரை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்து மூக்கைப் பலமாகச் சிந்தினாள்.

"வேம்புலி!" என்று டைரக்டர் வாசலைப் பார்த்து ஓடினார். "சைக்கிளை எடடா!"